முதல் வரியில் நான் வெட்டிய பெயர்

1. ஆறு மாத விதி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் கையில் ஒரு சிவப்புப் பென்சிலைத் தந்துவிட்டார்கள். நியமனக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அறுபதுகளின் கடைசிப் பகுதி அது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி மக்களின் குடும்பநிலை, வசிப்பிடம், பிரசாவுரிமை என்கிற குடியுரிமை ஆகியவற்றை வீடுவீடாகக் கேட்டு எழுதி, அரசாங்கக் குழு ஒன்றுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். வள்ளச் சேவை, குடிதண்ணீர், காணிப் பங்கீடு எல்லாவற்றையும் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சொன்னதை அப்படியே நம்பினேன்.

பெண்ணான எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு என் கெட்டித்தனம் காரணமில்லை. தீவுகளில் பாதி வீடுகளில் ஆண்கள் இல்லை. தெற்கே சிங்கள ஊர்களில் கடை வைத்திருப்பார்கள், அல்லது இன்னொருவரின் கடையில் நிற்பார்கள். வருடத்தில் ஒருமுறை, திருவிழாவுக்கு வந்து போவார்கள். வீட்டில் இருப்பது பெண்கள். ஆண் ஆய்வாளர் படலையைத் தட்டினால் கதவு திறக்காது. அதனால் பெண்களை எடுத்தார்கள்.

எங்கள் சுப்பவைசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். கெட்டிக்காரர். பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன்.

"இஞ்சை பாரும் பிள்ளை, வீட்டுக்காரர் ஆர் எண்டு கேளாதையும். இந்த ஆறு மாதமா இஞ்சை ஆர் படுத்தெழும்பினது எண்டு கேளும். இல்லாத ஆளையும் எழுதினா, ஒரே மனுசனை இஞ்சையும் எண்ணி தெற்கை மாத்தறையிலையும் எண்ணிப்போடுவம். பிறகு அறிக்கையை அடுப்புக்கைதான் வைக்கவேணும்."

போம் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் படிவத்தின் முதல் வரியில் குடும்பத் தலைவர் பெயர். தலைவர் ஆறு மாதமாக வீட்டில் இல்லையென்றால் சிவப்புப் பென்சிலால் வெட்டிவிட வேண்டும். அடுத்த வரியில் இருப்பவர் தலைவராகிவிடுவார். பிரசாவுரிமை பற்றிய கேள்விகள் தலைவரிடம் மட்டும்தான். மற்றவர்களுக்கு "தலைவரைப் போல" என்று எழுதினால் போதும். விதி அவ்வளவுதான். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. விதிகள் எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2. கேள்வி கேட்கிறவள்

சரவணை என்ற ஊரில் ஒரு வீட்டின் பக்க அறையில் தங்கினேன். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை. வீட்டுக்கார அம்மா நல்லவர்தான். ஆனால் நான் அரசாங்க ஆள். என்னோடு அளந்துதான் கதைப்பார். சாப்பாட்டை மேசையில் வைத்து மூடிவிட்டுப் போவார். நான் தனியே இருந்து சாப்பிடுவேன்.

காலையில் பஸ் ஏறி வேலணையிலோ புங்குடுதீவிலோ இறங்கி நடப்பேன். காற்று மணலை வாரி முகத்தில் போடும். படிவங்கள் பறக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு வீட்டில் நாற்பது கேள்வி. ஒரு நாளைக்கு ஐந்து வீடு. அத்தனை கேள்வி கேட்டாலும் என்னை ஒருவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. எந்த ஊர் என்று கேட்பதில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதில்லை. எப்போது போவாள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில நாட்களில் பின்னேரம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், அன்று முழுவதும் என் குரலில் கேள்விகளைத் தவிர வேறொன்றும் வரவில்லை என்பது நினைவுக்கு வரும். அழுகை வரும். பிறகு படிவங்களை அடுக்குவேன்.

3. மடத்துவெளியில் ஒரு வீடு

புங்குடுதீவில் மடத்துவெளியில் மீனாட்சி அக்காவின் வீட்டுப் படலையைத் திறந்தபோது அவர் முற்றத்தில் பயற்றை வறுத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் தாலிக்கொடி. என்னையும் என் கட்டுப் படிவத்தையும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் வார்த்தை:

"சாப்பிட்டனீரோ?"

இரண்டு மாதத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. இல்லை என்று தலையை ஆட்டினேன். குசினிக்குள் போய்ப் பிட்டும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை படிவத்தை எடுக்க விடவில்லை.

தலைவர் பெயரைக் கேட்டேன். புருசன் பெயரை அந்தக் காலத்துப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அவர் உள்ளே போய் புருசன் எழுதிய ஒரு பழைய காயிதத்தை எடுத்து வந்தார்.

"உதில அடியில கிடக்கு. பாத்து எழுதும்."

வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் கனகசபை என்று இருந்தது. எழுதினேன். தெற்கே கடையில் நிற்கிறார் என்றார்.

"கடைசியா எப்ப வந்தவர் அக்கா?"

"வருவார்."

"கடைசியா வந்தது?"

விரல் மடித்துப் பார்த்தார். "நாலைஞ்சு வருசம் இருக்கும்."

நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். கோடு விழுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் பிள்ளை அவரை வெட்டுறீர்?"

"விதி அக்கா. ஆறு மாதத்துக்கு மேல இல்லாட்டி எழுதேலாது."

"கிடக்கட்டுமன். பேர்தானே. உமக்கு என்ன பாரமே?"

பொறுமையாக விளங்கப்படுத்தினேன். சுப்பவைசர் சொன்ன மாத்தறைக் கதையையும் சொன்னேன். பெயர்விபரம் வெளியே ஓரிடமும் போகாது, எண்ணிக்கை மட்டும்தான் போகும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

இரண்டாவது வரியில் இருந்த மீனாட்சி அக்கா தலைவரானார். பிரசாவுரிமைக் கேள்விகளை அவரிடமே கேட்க வேண்டியதாயிற்று.

"பிறந்த இடம்?"

"அக்கரை. இராமேசுவரத்துப் பக்கம். பதினாறு வயசில கலியாணம் முடிச்சு வள்ளத்தில வந்தனான். அப்ப கடலுக்கை கோடு ஒண்டும் கீறேல்லை."

"கலியாணம் பதிஞ்சதோ? பாஸ்போட், பிறப்புச் சாட்சிப் பத்திரம், ஏதாவது?"

"கோயில்ல கட்டினது. இதுதான் இருக்கு." தாலிக்கொடியைத் தொட்டுக் காட்டினார்.

"சான்று இல்லை" என்று எழுதினேன். எழுத்து அழகாக விழுந்திருந்தது.

அந்த நேரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "மீனாட்சி அக்கோய்! நேரம் போகுது! சட்டி வைக்க வாங்கோ!"

மடத்துவெளியில் எந்தக் கலியாண வீட்டிலும் பலகாரச் சூடு தொடங்குவது அவர் கையால்தான். நல்ல நேரத்தில் சட்டியை அடுப்பில் ஏற்றி முதல் பணியாரத்தை எண்ணெயில் போட ஒரு சுமங்கலி வேண்டும். மீனாட்சி அக்காவின் கைராசியை ஊரே சொல்லும். பிள்ளைகள் இல்லை, புருசன் பக்கத்தில் இல்லை. ஆனால் மாதத்தில் இரண்டு வீடாவது அவரைக் கூப்பிடும். அங்கே மற்றப் பெண்களோடு இருந்து சிரித்து, பகடி பேசி, பொழுதுபட வீட்டுக்கு வருவார். அவருக்கு இருந்த உறவெல்லாம் அந்தச் சட்டியைச் சுற்றித்தான்.

வறுத்த பயற்றை அள்ளிக்கொண்டு எழும்பினார். "திரும்ப வாரும் பிள்ளை. போமை விட்டிட்டு வாரும்," என்றார்.

போனேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். அந்தத் தீவுகளில் நான் படிவமில்லாமல் போன வீடு அது ஒன்றுதான்.

4. சரவணைக்கு வந்த பஸ்

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் மீனாட்சி அக்கா சரவணையில் என் அறை வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் ஒருபோதும் வந்ததில்லை. கையில் மண்ணிறக் கடித உறை. ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்தது. நான் வாசித்துச் சொன்னேன். பிரசாவுரிமைக்குச் சான்று இல்லாத குடும்பத் தலைவர் என்று தெரியவந்திருப்பதால், மூன்று மாதத்துக்குள் ஆவணம் காட்ட வேண்டும். தவறினால் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களின் பட்டியலில் சேர்க்கப்படும்.

"அங்கை எனக்கு ஆர் இருக்கினம்?" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சுப்பவைசரின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"பேர் போகாது எண்டு நான் சொன்னனான் ஐயா."

"நானும் உமக்கு அப்பிடித்தான் சொன்னனான். மேலயிருந்து கேட்டாங்கள், குடுத்தாச்சு. நான் என்ன செய்ய?"

"போமைத் திருத்தேலாதோ? அவவின்ரை புருசனைத் திரும்ப முதல் வரியில போடலாம்தானே?"

கண்ணாடியைக் கழற்றினார். "நீர் உண்மையைத்தானே எழுதினீர்? உண்மையை என்னெண்டு திருத்துறது?"

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே வேலையை எறிந்துவிட்டு வந்திருப்பேன். அவர் ஒரு கடதாசியை எடுத்து ஏதோ எழுதத் தொடங்கியதால் நின்றேன்.

"ஒரு வழி இருக்கு. புருசன் இந்த நாட்டுப் பிரசை எண்டா, பெண்சாதியைப் பதியலாம். ஆளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வைப்பியும். ஆள் இல்லையெண்டாலும் காரியமில்லை. விதவையையும் பதியலாம். மரணச் சாட்சிப் பத்திரம் வேணும்."

அந்தக் கடைசி வார்த்தைகள் எனக்குத் தேவைப்படாது என்று நினைத்தேன். ஆனாலும் கடதாசியை வாங்கிப் பையில் வைத்தேன்.

5. வேறு கையெழுத்து

அடுத்த பஸ்ஸில் மடத்துவெளிக்குப் போனேன். போகும்போதே மனதுக்குள் கடிதம் எழுதிவிட்டேன். கனகசபை அண்ணைக்கு, உடனே புறப்பட்டு வரவும், ஒரு கையெழுத்துக்காக, ஒரு நாளைக்காவது.

"விலாசத்தைத் தாங்கோ அக்கா. நானே எழுதுறன். தந்தியும் அடிப்பம்."

மீனாட்சி அக்கா எழும்பிப் போனார். றங்குப்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு காயிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

அது சாய்ந்த கையெழுத்து இல்லை. நிமிர்ந்த, குண்டு எழுத்து. கனகசபை அண்ணை பழைய கடையை விட்டு, மொனராகலைப் பக்கம் ஒரு சின்னக் கடைக்கு மாறிப் போயிருக்கிறார். அங்கே காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அவருடைய பெட்டியைப் பிறகொரு நாள் ஒழுங்குபடுத்தியபோதுதான் வீட்டு விலாசம் கிடைத்ததாம். கூட வேலை செய்தவர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். காயிதத்துக்கு மூன்று வயது.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. எண்டாலும் அவரின்ரை எழுத்து எப்பிடியிருக்கும் எண்டு தெரியும். உறையைப் பாத்த உடனை விளங்கிட்டுது," என்றார். "எப்பவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் வாசிக்கிறது. இதை அவளிட்டைக் குடுக்கேல்லை. வள்ளம் ஏறி நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போனன். அம்மாளைக் கும்பிட வந்த ஒரு மனுசி, எந்த ஊரோ தெரியாது, கண்ணாடி போட்டிருந்தா. அவவைக் கொண்டு வாசிப்பிச்சனான். அவ அழுதா. நான் அழேல்லை. அழுதா ஆரும் பாத்திடுவினம். அடுத்த வள்ளத்தில வந்திட்டன்."

"ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையோ?"

"சொன்னா என்ன நடக்கும்? நீயே சொல்லு." அன்றுதான் முதல்முறை என்னை நீ என்றார். "பொட்டை அழிப்பினம். சட்டி வைக்க ஆர் கூப்பிடுவினம்? கலியாண வீட்டுப் பக்கம் தலை காட்டேலாது. எனக்கு இஞ்சை தாய் தேப்பன் இருக்கினமோ? பிள்ளை இருக்கோ? அவர் இருக்கிறார் எண்டிற மட்டுந்தான் நான் இந்த ஊராள். நீ வந்து அவரை வெட்டினாய்."

குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பையிலிருந்த கடதாசியை எடுத்து, சுப்பவைசர் சொன்ன வழியைச் சொன்னேன். விதவையென்று பதிந்தால் யாரும் அவரை எங்கேயும் அனுப்ப முடியாது. ஆனால் அதை வாயால் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெரியவரும்.

அவர் பக்கத்து வீட்டு வேலிப் பக்கம் திரும்பினார். அடுத்த கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கே கலியாணம். காயிதம் வாசித்துச் சொல்லுகிற அதே பிள்ளை. சட்டி வைக்கிறேன் என்று மீனாட்சி அக்கா ஒப்புக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் பிறகு செய்வம் அக்கா. இன்னும் நாள் இருக்கு," என்றேன்.

"இல்லை. இவ்வளவு நாளும் எனக்கு மட்டுந்தான் தெரியும். அம்மாளோடை நான் கதைச்சுக்கொண்டன். இப்ப உனக்கும் தெரியும். இனி அந்தப் பிள்ளையின்ரை சட்டியில கை வைக்கமாட்டன்."

அந்தக் கலியாணத்துக்குக் காய்ச்சலென்று சொல்லி வீட்டிலேயே படுத்திருந்தார்.

6. விறாந்தையில்

மொனராகலைக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. மரணச் சாட்சிப் பத்திரமும் வந்தது. கனகசபை அண்ணையின் பிறப்புப் பதிவு ஊர்காவற்றுறையில் கிடைத்தது. கோயில் ஐயரும் ஊர் அதிகாரியான விதானையாரும் கலியாணம் நடந்ததென்று எழுதித் தந்தார்கள். கடைசியாகச் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி. அவர் ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார். வீட்டு விறாந்தையில் மேசை போட்டு, எல்லாவற்றையும் இரண்டு முறை வாசிப்பவர்.

பஸ்ஸில் வரும்போது மீனாட்சி அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது. வாத்தியார் அதையும் பார்த்தார், கடதாசியையும் பார்த்தார்.

"புருசன் காலமாகிட்டார் எண்டு எழுதிக் கிடக்குது. பொட்டும் தாலியுமா வந்து நிக்கிறீர். எதை நான் நம்புறது?"

நான் விளங்கப்படுத்த வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "நீர் சொல்லாதையும். அவ சொல்லவேணும். பேரையும் அவதான் சொல்லவேணும். சத்தியம் மற்றவையின்ரை வாயால செய்யிறதில்லை."

மீனாட்சி அக்கா சேலைத் தலைப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஒருமுறை துடைத்ததில் போகவில்லை. இரண்டாவது முறை அழுத்தித் துடைத்தார். நான் முற்றத்துப் பனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ரை புருசன்," என்றார். நின்றார். "கனகசபை. செத்துப்போனார்."

வாத்தியார் எழுதினார். அவருடைய கையும் கொஞ்சம் மெதுவாகத்தான் போனது. மீனாட்சி அக்கா கையெழுத்து இடத்தில் பெருவிரலைப் பதித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து அழுதார். மூன்று வருடத்து அழுகை. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய முடியும்?

ஊருக்குத் தெரிய இரண்டு நாள் கூட எடுக்கவில்லை. மூன்று வருடமாக அவர் சட்டி வைத்த வீடுகளெல்லாம் கணக்குப் பார்த்தன. ஒரு பிள்ளைக்குக் கரு தங்காததற்கும், ஒரு மருமகன் வேலை இழந்ததற்கும் காரணம் கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வேலியில் இருந்த பொட்டை, ஆள் நுழையும் அந்தத் திறப்பை, ஓலை வைத்து அடைத்தாள். அந்தப் பொட்டு வழியாகத்தான் இரண்டு வீட்டுப் பெண்களும் போய்வந்தார்கள்.

7. பத்திரம் வந்த நாள்

அறிக்கை முடிந்தது. கலியாணம் முடித்து வந்த பெண்களுக்குச் சான்று கேட்கும் முறையை இலகுவாக்க வேண்டுமென்று ஒரு பந்தி எழுதிக் கொடுத்தேன். அச்சில் அது இரண்டு வரியாகச் சுருங்கியிருந்தது. அதை யாராவது வாசித்தார்களா என்பது எனக்குத் தெரியாது. அறிக்கை ஒரு அலுமாரிக்குள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பல ஆய்வுகளில் வேலை செய்தேன். எழுபதுகளின் கடைசியில் நானே புதியவர்களுக்குப் பாடம் நடத்தினேன். ஆறு மாத விதியையும் சொல்லிக்கொடுத்தேன், ஏனென்றால் அது சரியான விதி. ஆனால் சிவப்புப் பென்சிலைக் கொடுக்கும்போது ஒன்று சொல்வேன்: ஒரு பெயரை வெட்டுவதற்கு முதல், அந்தப் பெயரின் கீழே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்து ஒருவரையும் பேச வைக்காதீர்கள். எழுதிக்கொள்வார்கள். விளங்கியதா என்பது வேறு.

மீனாட்சி அக்காவின் பத்திரம் ஒரு வருடத்துக்குப் பிறகு வந்தது. வாசித்துக் காட்ட ஆளில்லாமல், நான் வரும்வரை அதை உறை பிரிக்காமல் வைத்திருந்தார். நான் போன அன்று பக்கத்து வீட்டில் பலகாரச் சூடு. இரண்டாவது பிள்ளைக்குக் கலியாணம். எண்ணெய் மணம் வேலி தாண்டி வந்தது. பெண்கள் சிரிக்கும் சத்தமும் வந்தது. மீனாட்சி அக்கா வெள்ளைச் சேலையோடு குந்தியிருந்து பனையோலைக் கடகப்பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டனியோ?" என்றார்.

பிறகு கேட்டார்: "இப்ப உன்ரை போமோடை வந்தா என்னெண்டு எழுதுவாய்?"

"ஒரு ஆள்."

"தலைவர்?"

"நீங்கள்தான் அக்கா."

"பிரசையோ?"

"ஓம். பதிஞ்சாச்சு எண்டு கந்தோரில சொன்னவை."

"அப்ப உன்ரை போமில பிழை இல்லை," என்றார். "அண்டைக்கும் பிழை இல்லை. இண்டைக்கும் பிழை இல்லை."

அவர் கையைத் துடைத்துவிட்டு உறையை நீட்டினார். பிரித்து வாசித்தேன். இலங்கைப் பிரசையாகப் பதியப்பட்டவர் மீனாட்சி, காலஞ்சென்ற கனகசபையின் விதவை.

"பேரை இன்னொருக்கா வாசி."

"மீனாட்சி."

"என்ரை பேரில்லை."

"கனகசபை," என்றேன்.

ஓலையை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "நான் சொல்லப்படாது. இஞ்சை வேறை ஆரும் சொல்லுறதும் இல்லை. இன்னொருக்கா வாசி பிள்ளை."

நான் வாசித்தேன். அன்று பின்னேர பஸ்ஸைத் தவறவிட்டேன்.